உள்பக்கம் திருப்பிய தேதி

“அக்கா, எல்லா ரோட்டுக்கும் சேர்த்து ஒரே டயர்னு ஒண்ணு இருக்கா?”

“இருக்கு. ஆனா எந்த ரோட்டுலயும் அது முழு மனசா ஓடாது.”

“என்னை மாதிரின்னு சொல்ல வர்ற.”

“உன்னை மாதிரி இல்லடா. டயர் சொன்ன பேச்சு கேக்கும்.”

தம்பி சிரித்தான். கடை வாசலில் கிடந்த பழைய லாரி டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். காலை பத்து மணி இருக்கும். நான்கு சக்கரமும் கழற்றப்பட்ட அவனுடைய டிரக், மரக்கட்டைகளின் மேல் செருப்பில்லாத ஆள் போல நின்றது.

இன்ஸ்பெக்டர் ஐயா, அந்த டிரக்குக்கு டயர் தேர்ந்தெடுத்த விதத்தை ஒரு பக்கத்துக்கு எழுதித் தரச் சொல்லியிருந்தீர்கள். விபத்துக் கோப்பை மூடுவதற்கு முன்னால் அதில் ஒரு காகிதம் இருக்க வேண்டும், வேறொன்றுமில்லை என்றீர்கள். எட்டு மாதமாக நான் எழுதித் தரவில்லை. இரண்டு முறை ஆள் அனுப்பி ஞாபகப்படுத்தினீர்கள். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக டயர் விற்கிறேன். டயரைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்கு ஒரு பக்கம் போதாது.

முதலில் அவனுடைய பாதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டயரை வண்டிக்காக வாங்குவதில்லை, பாதைக்காக வாங்குகிறோம். கடையிலிருந்து அறுபது கிலோமீட்டர் நல்ல தார் ரோடு. பாலத்தைத் தாண்டினால் மலை ஏற்றம், பதினான்கு வளைவுகள். அதற்கு மேல் தார் கிடையாது. இருபது கிலோமீட்டர் செம்மண். வெயிலில் புழுதி, மழையில் களி. நடுவில் ஓர் ஓடை, உருண்டைக் கற்களின் மேல்தான் ஏறிக் கடக்க வேண்டும். கடைசியில் மேல்குடியிருப்பு. அங்குள்ளவர்களுக்கு அரிசி, மருந்து, சிமெண்ட், பள்ளிக்கூடத்துப் பெஞ்சு என்று எல்லாவற்றையும் ஏற்றிப் போகிறவன் என் தம்பி.

இப்படிப்பட்ட பாதைக்கு மூன்று விதமாக யோசிப்பார்கள். தார் ரோட்டு டயர் சத்தமில்லாமல் ஓடும், களியில் கால் வைத்ததும் சோப்பு போல வழுக்கும். பெரிய பட்டன், அதாவது மேலே துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டைகள், வைத்த சேற்று டயர் களியைக் கடித்து இழுக்கும். ஆனால் தார் ரோட்டில் ஊளையிடும், ஈரத்தில் பிரேக் போட்டால் தாமதமாக நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு. பட்டன் நடுத்தரம், இடையில் தண்ணீர் ஓட வழி, பக்கச்சுவர் கெட்டி. பாதிக்கு மேல் தாரில் ஓடி, மிச்சத்தை மண்ணிலும் கல்லிலும் ஓட்டுகிறவனுக்கு அந்த நடுத்தர டயர்தான் சரி. யார் வந்து கேட்டாலும் நான் அதைத்தான் சொல்வேன். அன்று முன் அடுக்கில், போன மாதம் வந்த அந்த டயர்கள், ஸ்டெப்னிக்கும் சேர்த்து, ஐந்து இருந்தன.

அவற்றை நான் அவனுக்குப் போடவில்லை.

அம்மா போகும்போது தம்பிக்கு ஐந்து வயது, எனக்குப் பதினேழு. இரண்டு வருடத்தில் அப்பாவும் போனார். கடையும் தம்பியும் என் கைக்கு வந்தார்கள். எங்கே போனாலும் என் பின்னாலேயே வருவான். கடைக்கு வரும் டிரைவர்கள் அவனுக்கு வாலு என்று பெயர் வைத்தார்கள். “என்னம்மா, இன்னைக்கு வால் இல்லாம வந்திருக்க?” என்று கேட்பார்கள். மீசை முளைத்த பிறகும் அவன் வாலுதான். எனக்கு இரண்டு வரன்கள் வந்தன. இரண்டாமவர் நல்ல மனிதர், அச்சகம் வைத்திருந்தார். பையனை விடுதியில் சேர்த்துவிடலாமே என்று ஒரு வார்த்தை சொன்னார். அத்தோடு அந்தப் பேச்சை முடித்துக்கொண்டேன். தம்பிக்கு இது தெரியாது. நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகியவள் இல்லை, செய்ததைச் சொல்லிக் காட்டியும் பழக்கமில்லை.

மேல்குடியிருப்புச் சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ் இருந்தாள். மருந்துப் பெட்டி இறக்கப் போன இடத்தில் பழக்கம். ஒன்றரை வருடம் கழித்து என்னிடம் அழைத்து வந்தான். சிரித்த முகம், சின்ன உருவம், கையில் எப்போதும் டெட்டால் வாசம். பதிவு அலுவலகத்தில் கல்யாணம், சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். அவளை எனக்குப் பிடித்திருந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

கல்யாணமான மூன்றாம் மாதம் இருவரும் மேலேயே குடிபோவதாக முடிவு செய்தார்கள். அவளால் சுகாதார நிலையத்தை விட்டு வர முடியாது. அவனுக்கோ மேலிருந்து கீழே வந்தாலும் கீழிருந்து மேலே போனாலும் தூரம் ஒன்றுதான். நியாயமான முடிவு. நானும் தலையாட்டினேன். மழைக்காலம் தொடங்கப் போகிறது, நல்ல டயராகப் போட்டுக் கொடு என்று அவன் கேட்ட காலைதான் நான் மேலே சொன்னது.

பின்கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் ஐந்து சேற்று டயர்கள் இருந்தன. காட்டுக் குத்தகைக்காரர் ஒருவர் சொல்லி வரவழைத்தது. அவர் எடுத்துப் போகவே இல்லை. ஒரு கிலோமீட்டர் கூட ஓடாத டயர்கள். பட்டன் முழு உயரத்துக்கு நின்றது. சோப்புப் போட்டுக் கழுவி, கறுப்பு பாலிஷ் தடவினால் நேற்றுப் பிறந்தது போல இருக்கும். ஆனால் அவை வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தன. ரப்பர் சும்மா கிடந்தாலும் வயசாகும். புது ரப்பரில் நகத்தை அழுத்தினால் தடம் பதிந்து மெல்ல மறையும். அந்த டயரில் என் நகம்தான் மடங்கியது.

ஒவ்வொரு டயரிலும் நாலு எண் அச்சடித்திருக்கும். முதல் இரண்டு எந்த வாரம், பின் இரண்டு எந்த வருடம். இரண்டு பக்கமும் இருக்காது, பெரும்பாலும் ஒரு பக்கம்தான். எங்கள் கடையில் அந்தப் பக்கம் வெளியே தெரியும்படிதான் ரிம்மில் ஏற்றுவோம். அது நான் வைத்த வழக்கம். ஒளிக்க ஒன்றுமில்லை என்று வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டும். டயர் கடையிலேயே வளர்ந்த தம்பிக்கு எழுத்து படிக்கும் முன்பே அந்த நாலு எண்ணைப் படிக்கத் தெரியும்.

ஆகவே ஐந்தையும் தேதி உள்பக்கம் போகும்படி ஏற்றினேன்.

அவன் டீ டம்ளரை வைத்துவிட்டு வண்டியைச் சுற்றி வந்தான். பட்டனைத் தட்டிப் பார்த்தான்.

“என்னக்கா, போருக்கு அனுப்புற மாதிரி இருக்கு. நீ சொல்ற அந்த நடு டயர் என்னாச்சு?”

“மேலயே இருக்கப் போற. மழை வேற. உனக்கு இதுதான்.”

குனிந்து பக்கச்சுவரைத் தடவினான். “தேதி எங்க?”

“உள்பக்கம் போயிடுச்சு. கழட்டித் திருப்பிப் போடவா?”

“சேச்சே. நீ போட்டா சரிதான்.”

கழற்றவா என்று நான் கேட்டேன், ஐயா. அவன்தான் வேண்டாம் என்றான். அதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

என் கணக்கு எளிமையானது. கெட்டிப்போன ரப்பர் ஈரக்கல்லைப் பிடிக்காது. முதல் மழையில் ஓடையில் வழுக்கி நிற்பான். ஒருநாள் முழுக்கச் சேற்றில் மல்லுக்கட்டுவான். இரண்டு முறை இப்படி ஆனால் சலித்துப்போகும், பழையபடி கீழே வந்து தங்குவான். வாரத்துக்கு ஒரு நடை போய் வரட்டும். அவளும் விடுமுறைக்கு வரட்டும். யாரும் யாரையும் இழக்க வேண்டாம். சேற்றில் வண்டி நின்றதால் யாரும் செத்ததில்லை.

வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவன் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

“வேற ஏதாச்சும் சொல்லணுமாக்கா?”

“அஞ்சாயிரம் கிலோமீட்டர் ஓடினதும் முன்னது பின்னது மாத்திப் போடணும்.”

“அது தெரியும். வேற?”

“வாரம் ஒருதடவை காத்துப் பாரு.”

“வேற ஒண்ணும் இல்லையா?”

“பத்திரமாப் போ.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுப் போனான். இவ்வளவு நேரம் என்ன கேட்டுக்கொண்டிருந்தான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மழை வரவில்லை. பதினோரு நாள் வெயில் காய்ந்தது. காய்ந்த மண்ணில் அந்த டயர்கள் அருமையாக ஓடின. மேலிருந்து வந்த டிரைவர் ஒருவர், “உங்க வாலு பறக்குறான்மா, அந்த டயரைப் பார்த்து நாங்க எல்லாரும் பொறாமைப்படுறோம்” என்றார். இரண்டு ஜோடி கிடைக்குமா என்று கேட்டார். தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். வேறு யாருக்கும் அப்படிப்பட்ட டயரை நான் விற்றதில்லை. விற்கவும் மாட்டேன்.

பன்னிரண்டாம் நாள் மழை பிடித்தது. அன்று காலை இருவரும் கடைசி நடையாக வந்தார்கள், அவன் அறையில் மிச்சமிருந்த சாமான்களை எடுத்துப் போக. இரும்புக் கட்டில், மேஜை, ஒரு டிரங்குப் பெட்டி. நான் சமைத்தேன். மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். தம்பி சாமான் கட்டப் போனதும் அவள் என் பக்கத்தில் வந்து நின்று பாத்திரம் துடைத்தாள்.

“அண்ணி, ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லு.”

“எங்கப்பா மேல வீடு கட்டுறாருல்ல, அதுல உங்களுக்கும் ஒரு ரூம் போட்டிருக்கு. கெழக்கு பாத்த ஜன்னல். இவரு சொல்ல வேணாம்னாரு. கடையை விட்டு நீங்க வர மாட்டீங்க, கேட்டா உங்களுக்கு சங்கடம்னு. அதான் நான் கேக்குறேன்.”

“பாக்கலாம்,” என்றேன்.

“வரலைன்னா பரவால்ல. எப்பவாச்சும் வந்து தங்கினாப் போதும்.” பிறகு காலியான அறையை எட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு உதவியாக ஏதாவது சொல்ல வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் சொன்னாள்: “ஸ்டாக் வைக்க இடம் பத்தலைன்னு சொல்லுவீங்களே அண்ணி. இனிமே இந்த ரூம்ல டயர் அடுக்கிக்கலாம்.”

நான் கோபப்படவில்லை. எனக்கு எப்போதுமே கோபம் வராது. கைகளைத் துடைத்துக்கொண்டு, கிளம்பும் முன் டயரை ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன் என்று வெளியே வந்தேன்.

மழை நன்றாகப் பெய்துகொண்டிருந்தது. முன்பக்கம் இடது டயருக்கு அருகே குந்தி உட்கார்ந்தேன். அவள் குடையை எடுத்துக்கொண்டு ஓடி வந்து என் தலைக்கு மேல் பிடித்தாள். அவள் முதுகு முழுக்க நனைந்தது.

“நனையாதீங்க அண்ணி. சளி பிடிச்சுக்கும்.”

இரண்டு பட்டன்களுக்கு நடுவே, டயரின் தோள்பட்டையை ஒட்டி ஒரு வெடிப்பு இருந்தது. விரல் நீளம் இருக்கும். நகத்தை உள்ளே விட்டேன், உள்ளேயிருக்கும் கம்பி நரம்பு தட்டுப்பட்டது. பதினோரு நாள் தார்ச்சூட்டில் மேல்தோல் உள்தோலை விட்டுப் பிரியத் தொடங்கியிருந்தது. இப்படிப்பட்ட டயர் சேற்றில் நிற்காது. பாரத்தோடு மலை வளைவில் ஏறும்போது தோல் மொத்தமாக உரிந்துகொண்டு போகும். இதை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

முன் அடுக்கில் அந்த ஐந்து நடுத்தர டயர்களும் அப்படியே இருந்தன. நான்கையும் மாற்ற முக்கால் மணி நேரம் ஆகும்.

“எப்படிக்கா இருக்கு?” தம்பி வண்டியின் மேலிருந்து கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்டான்.

“நல்லா இருக்கு. கெளம்புங்க.”

மழையில் கிளம்ப வேண்டாம், ஒருநாள் தங்கிப் போங்கள் என்றும் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கட்டிலை ஏற்கனவே வண்டியில் ஏற்றியிருந்தார்கள்.

மீதியை உங்கள் கோப்பில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாலத்துக்கு அப்பால் ஏழாவது வளைவு, மதியம் இரண்டரை மணி. அவள் அந்த இடத்திலேயே போய்விட்டாள். தம்பிக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் தெரிவதில்லை. சக்கரங்களைக் கழற்ற ஆள் வேண்டும் என்று பக்கத்திலிருந்த டயர் கடையாக என்னைத்தான் கூப்பிட்டீர்கள். டயர் எதனால் போயிருக்கும் என்று கேட்டீர்கள். வளைவில் கிடந்த கூர்க்கல்லைக் காட்டினேன். உடனே எழுதிக்கொண்டீர்கள். எனக்கு ஒரு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, தைரியமாக இருங்கம்மா என்றீர்கள். அன்று கழற்றிய அந்த ஐந்து டயர்களும் என் பின்கொட்டகையில்தான் இருக்கின்றன. ரிம்மோடு அப்படியே வைத்திருக்கிறேன். திருப்பிப் பார்த்தால் தேதி தெரியும்.

இந்த எட்டு மாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம்பி அவனுடைய பழைய அறையில்தான் இருக்கிறான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறேன், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். குளிப்பாட்டுவேன், நகம் வெட்டுவேன், சவரம் செய்வேன். கடையில் ஆள் இருந்தாலும் அவன் கூப்பிட்டால் போய்விடுவேன். அவன் அதிகம் பேசுவதில்லை. சில சமயம் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுவான். துடைத்துவிடுவேன். தப்பாக நினைக்க மாட்டீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். பல நாள் காலையில் எழுந்ததும், அவன் பக்கத்து அறையில் இருக்கிறான் என்ற நினைப்பு வரும்போது மனசு நிறைவாக இருந்தது.

நேற்று கொத்தனார் வந்தார். அவளுடைய அப்பா. வீட்டைக் கட்டி முடித்துவிட்டார், மாப்பிள்ளையை மேலே அழைத்துப் போகிறார். கதவுகளை அகலமாக வைத்து, சக்கர நாற்காலி ஏற வாசலில் சரிவு போட்டிருக்கிறாராம். அவளைப் புதைத்த இடம் ஜன்னலிலிருந்து தெரியுமாம். இரண்டு பேரும் இரண்டு மாதமாகப் போனில் பேசி முடிவு செய்திருக்கிறார்கள்.

“எனக்கும் யாரு இருக்காம்மா,” என்றார். “அவரு அங்க இருந்தா எம்பொண்ணு இருக்குற மாதிரி.”

அவருடைய ஜீப்பைப் பார்த்தேன். டயர்கள் மொட்டை.

“இதுக்கு நாலும் மாத்திக் குடுத்துடுங்கம்மா. நாளைக்கு அவரை ஏத்திக்கிட்டுப் போகணும்ல. எது நல்லதுன்னு நீங்களே பாத்துப் போடுங்க. எனக்கு சிமெண்டு தெரியும், இது தெரியாது. உங்க கை சுத்தமான கைன்னு எம்பொண்ணு சொல்லிக்கிட்டே இருப்பா.”

சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். முன் அடுக்கைத் தாண்டிப் பின்கொட்டகைக்குப் போய்விட்டேன். அங்கே இன்னொரு பழைய செட்டு இருக்கிறது, ஜீப் அளவு. தார்ப்பாயைத் தூக்கி, ஒரு டயரை உருட்டி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, பாலிஷ் டப்பாவைத் திறந்துவிட்டேன். துணியில் பாலிஷைத் தொட்ட பிறகுதான் யாரை ஏற்றிப் போகிற வண்டி என்று நினைத்துப் பார்த்தேன்.

துணியைக் கீழே போட்டேன். வெளியே வந்து கொத்தனாரிடம், கடைத்தெருக் கோடியில் இருக்கும் இன்னொரு கடைக்குப் போகச் சொன்னேன்.

“ஏம்மா, எம்மேல வருத்தமா?”

“இல்லைங்க. அங்க புது ஸ்டாக் வந்திருக்கு. டயர்ல நாலு எண் அச்சடிச்சிருக்கும், அதைப் பாத்து வாங்குங்க. கடைசி ரெண்டும் இந்த வருஷமா இருக்கணும். உள்பக்கம் இருக்குன்னு சொன்னா, கழட்டிக் காட்டச் சொல்லுங்க. கூச்சப்படாதீங்க.”

அவர் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனார்.

அதனால்தான் இன்று இதை எழுதுகிறேன், ஐயா. டயர் தேர்வில் நடந்தது இதுதான். அவளைக் கொன்றது நான். தம்பியைப் படுக்க வைத்ததும் நான். நாளை காலை கடையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பேன், நீங்கள் வரலாம். தம்பிக்கு மட்டும் இது இன்னும் தெரியாது. அவனுக்கு யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நேற்று நான் முயன்று பார்த்தேன். அதையும் எழுதி முடித்துவிடுகிறேன்.

கொத்தனார் போனதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அவன் அறைக்குப் போனேன். தலைமாட்டில் பையைக் கட்டி வைத்திருந்தான். படுத்தபடியே எப்படிக் கட்டினானோ, சட்டைகளை ஒழுங்காக மடித்திருந்தான்.

“மாமா சொல்லிட்டாரா?”

“சொன்னாரு.”

“உங்கிட்ட நானே சொல்லியிருக்கணும்க்கா. எட்டு மாசமா உன்னைப் படுத்திட்டேன். குழந்தை மாதிரி பாத்துக்கிட்ட. இனிமேலாச்சும் கொஞ்சம் உக்காந்து சாப்பிடு.”

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதை வரும் வழியிலேயே மனசுக்குள் கோத்து வைத்திருந்தேன். அந்த டயர் ஒன்பது வருஷப் பழசு, எனக்குத் தெரியும், தெரிந்தேதான் போட்டேன். இவ்வளவுதான். சின்னச் சின்ன வார்த்தைகள்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். அன்று ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு பார்த்த அதே பார்வை.

“என்னமோ சொல்ல வந்திருக்க. சொல்லுக்கா.”

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறந்தேன்.

“போகாதடா,” என்றேன். “என்கூடவே இருந்துடு.”